மாமியார், மருமகள், 180 கிராமங்கள்

மிஹிர் வீரானி விபத்தில் இறந்துவிட்டான் என்று ஸ்டார் பிளஸ் தொலைக்காட்சி ஓர் இரவு காட்டியது. 2000 ஜூலை 3ஆம் தேதி தொடங்கிய ‘க்யூங்கி சாஸ் பி கபி பஹூ தி’ என்ற இந்தித் தொடரின் கதாநாயகன் அவன். ‘ஏனென்றால், மாமியாரும் ஒருகாலத்தில் மருமகள்தானே’ என்று அந்தப் பெயருக்குப் பொருள். மும்பையில் வாழும் குஜராத்தி வணிகக் குடும்பம். ஒரே கூரையின் கீழ் பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை. அந்தச் செல்வ வீட்டுக்கு மருமகளாக வரும் பூசாரி மகள் துளசி. கதைக்களம் இவ்வளவுதான். மிஹிர் இறந்ததும், அவனைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லித் தயாரிப்பாளர்களுக்குத் தொலைபேசி அழைப்புகளும் கடிதங்களும் குவிந்தன. எழுத்தாளர்கள் வழி கண்டுபிடித்தார்கள். மிஹிர் சாகவில்லை, நினைவு தப்பிய நிலையில் மந்திரா என்ற மருத்துவரின் பராமரிப்பில் இருந்தான் என்று கதை திரும்பியது. அந்த மந்திராவே அடுத்த பல ஆண்டுகளுக்குத் தொடருக்குத் தீனி போட்டாள்.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் நிறையப் பேர். எனக்கு இது சிரிக்கும் விஷயமாகத் தோன்றவில்லை. பிறக்கவே பிறக்காத ஒருவன் போனதற்காக, நல்ல அறிவோடு குடும்பம் நடத்துகிற பெரியவர்கள் உண்மையிலேயே கலங்கினார்கள். அது நடிப்பு என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் மனம் கேட்கவில்லை. மனித மனத்தைப் பற்றி இதில் ஏதோ இருக்கிறது.

அமெரிக்க அறிஞர்கள் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் இருவரும் 1956இல், தொலைக்காட்சி இன்னும் புதுசாக இருந்த நாளில், ஒரு கட்டுரை எழுதினார்கள். திரையில் அடிக்கடி பார்க்கும் முகத்தோடு பார்ப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டாகிறது. எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் வராவிட்டாலும், அந்தப் பழக்கம் நிஜமான பழக்கத்தின் குணங்களைக் கொண்டிருக்கிறது என்பது அவர்கள் கவனிப்பு. ஒருதலை நெருக்கம் என்று சொல்லலாம். அதற்குப் பிறகான அறுபது எழுபது ஆண்டுகளில் இதை ஆராய்ந்தவர்கள் பலர். தங்களுக்குப் பிடித்த தொடர் முடியும்போது பார்வையாளர்கள் படும் வருத்தம், பழகியவரைப் பிரிந்த வருத்தத்தின் சாயலில் இருக்கிறது, அளவில்தான் குறைவு என்றும் கண்டிருக்கிறார்கள்.

இதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? முன்பின் தெரியாத இருவர் நெருங்கிய நண்பர்களாக ஏறத்தாழ 200 மணி நேரம் சேர்ந்து கழிக்கவேண்டியிருக்கிறது என்று கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் கணக்கிட்டார். ‘க்யூங்கி’ 2008 நவம்பர் 6 வரை 1,833 பகுதிகள் ஓடியது. விளம்பரம் போக ஒரு பகுதிக்கு 20 நிமிடம் என்று வைத்தாலும் 600 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. நம் சொந்தச் சித்தியின் முகத்தை, அத்தையின் முகத்தை, எட்டு ஆண்டுகளில் அத்தனை நேரம் பார்த்திருப்போமா?

பார்க்கும் தூரமும் முக்கியம். எட்வர்ட் ஹால் என்ற மானிடவியலாளர் 1966இல், மனிதர்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொள்ளும் இடைவெளிகளை அளந்து ஒரு நூல் எழுதினார். ஏறத்தாழ 45 சென்டிமீட்டருக்கும் உள்ளே நாம் அனுமதிப்பது தாயை, பிள்ளையை, துணையை மட்டுமே. அந்தத் தூரத்தில்தான் ஒரு முகம் நம் பார்வை முழுவதையும் நிறைக்கும். இமை துடிப்பதும் உதடு நடுங்குவதும் தெரியும். குளோசப் காட்சி செய்வது இதைத்தான். முன்பின் அறியாத ஒரு நடிகையை அந்த 45 சென்டிமீட்டருக்குள் கொண்டுவந்து, இரவுதோறும் உட்காரவைக்கிறது.

இந்தித் தொடர்களில் அடிக்கடி கேலிக்கு உள்ளாகும் ஒரு காட்சியைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். கூடத்தில் குடும்பமே நிற்கிறது. யாரோ ஒருவர் ஒற்றை வாக்கியத்தில் ஒரு ரகசியத்தைப் போட்டு உடைக்கிறார். உடனே கேமரா மருமகளின் முகத்துக்குப் பாய்கிறது. அதே முகம், இடி போன்ற ஓசையோடு, மூன்று முறை. பிறகு மாமியார். பிறகு மூத்த ஓரகத்தி, கொழுந்தன், மாடிப்படியில் நிற்கும் நாத்தனார், தூணோரம் தட்டோடு நிற்கும் வேலைக்காரர். ஒரு வாக்கியத்துக்கு ஒரு நிமிடம். நேரத்தை இழுக்கிறார்கள் என்போம். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் பார்ப்பவர் என்ன செய்கிறார்? யாருக்கு இது புதுச் செய்தி, யாருக்கு முன்பே தெரியும், யார் பயப்படுகிறார், யார் உள்ளூர மகிழ்கிறார் என்று ஒவ்வொரு முகமாகப் படித்துக்கொண்டே போகிறார். நாத்தனாரின் கண் ஒரு கணம் தாழ்ந்ததைப் பார்த்து, ‘இவளுக்கு இது தெரியும்’ என்று முடிவுகட்டுகிறார். அந்தப் படிப்புக்குத் தேவையான அவகாசம்தான் அது. அங்கே கதை நின்றுபோகவில்லை, நடந்துகொண்டிருக்கிறது என்பது என் எண்ணம்.

மனிதர்கள் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும்போது பேச்சு எதைப் பற்றியது என்று உளவியலாளர் ராபின் டன்பாரும் அவர் சகாக்களும் 1990களில் ஒட்டுக்கேட்டுக் குறித்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு மனிதர்களைப் பற்றியது: யார் யாரோடு, யார் எப்படி, யாருக்கு என்ன ஆயிற்று. பெரிய கூட்டமாக வாழும் ஓர் உயிரினத்துக்கு இந்தத் தகவல் சோற்றுக்கு அடுத்தபடி முக்கியம் என்பது டன்பாரின் வாதம். இதற்குத் தேவையான மூளை வேலை லேசானதல்ல. ‘அண்ணிக்கு ரகசியம் தெரியும் என்பது நாத்தனாருக்குத் தெரியாது என்று மாமியார் நினைப்பதை மருமகள் புரிந்துகொண்டாள்’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். ஒரு மனத்துக்குள் இன்னொரு மனம், அதற்குள் இன்னொன்று. இப்படி ஏறத்தாழ ஐந்து அடுக்குவரை பெரியவர்களால் தொடர முடியும். அதற்கு மேல் பிழைகள் பெருகும் என்று சோதனைகள் காட்டுகின்றன. குடும்பத் தொடர் ஓடுவது பெரும்பாலும் அந்த எல்லையோரத்தில்தான். ஒன்றும் புரியாத சாதுக்கள் பார்க்கும் கதை என்று சொல்பவர்கள், ஒரு வாரம் விட்டுவிட்டுப் பார்த்து யார் யாரிடம் எதை மறைக்கிறார்கள் என்று சொல்லட்டும்.

கூட்டுக் குடும்பமே எதற்கு? எளிய கணக்கு. இருபது பேர் வாழும் வீட்டில் இரண்டு பேராக எத்தனை உறவுகள் இருக்கமுடியும்? 190. ஒரே ஒரு புது மருமகள் உள்ளே வந்தால், அன்றைக்கே மேலும் 20 சேர்ந்து 210 ஆகிறது. காவல் நிலையத்தையோ மருத்துவமனையையோ வைத்துத் தொடர் எழுதுபவருக்கு வாரத்துக்கு ஒரு குற்றவாளி, ஒரு நோயாளி வெளியிலிருந்து வந்தாகவேண்டும். குடும்பத்தை வைத்து எழுதுபவருக்கு ஒரு கல்யாணம் போதும். இந்தித் தொடர்களில் கல்யாணம் வாரக்கணக்கில் நடப்பதும், ஓராண்டுக்குள் அடுத்த கல்யாணம் வருவதும் இதனால்தான். உதய்பூரைக் களமாகக் கொண்டு 2009 ஜனவரி 12 அன்று தொடங்கிய ‘யே ரிஷ்தா க்யா கெஹ்லாதா ஹை’ 4,000 பகுதிகளைத் தாண்டிவிட்டது. அக்‌ஷராவின் கதை அவள் மகள் நாய்ராவுக்கு, அங்கிருந்து அவளுக்கு அடுத்த தலைமுறைக்கு என்று கை மாறிக்கொண்டே வருகிறது. நடிகர்கள் போனார்கள், தலைமுறைகள் போயின, வீடு நிற்கிறது.

ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள் என்ற குறையும் உண்டு. அதன் வேர் வானொலியில் இருக்கிறது. 1930இல் சிகாகோவில் இர்னா பிலிப்ஸ் எழுதிய ‘பெயின்டட் ட்ரீம்ஸ்’தான் இந்த வகைக்கு முன்னோடி. பகலில் வீட்டு வேலைக்கிடையே கேட்கும் பெண்களுக்காக, சோப்பு விற்கும் நிறுவனங்களின் பணத்தில் வளர்ந்த வடிவம் இது. பாத்திரம் கழுவிக்கொண்டே, குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டே, பாதிக் காதால் கேட்பவருக்கும் புரியவேண்டும். 1990களின் தொடக்கத்தில் டெல்லியில் நடுத்தர, கீழ்நடுத்தரக் குடும்பங்களோடு உட்கார்ந்து தூர்தர்ஷன் தொடர்களைப் பார்த்து ஆராய்ந்த பூர்ணிமா மன்கேகரும், பெண்கள் வேலைக்கு நடுவே பார்ப்பதையும், திரையில் வருவதோடு வாதாடுவதையும் பதிவுசெய்திருக்கிறார். இன்னொன்று: குடும்பக் கதையில் ஒரே செய்தி ஐந்து பேரிடம் சொல்லப்படும்போது ஐந்து வெவ்வேறு சம்பவங்கள் நடக்கின்றன. மாமியாரிடம் சொன்னால் சண்டை, மாமனாரிடம் சொன்னால் மௌனம். செய்தி பழசு, உறவு புதிது.

பிறகு ‘தொடரும்’. பெர்லினில் உளவியலாளர் கர்ட் லெவினின் ஆய்வுக்கூடத்தில் 1920களின் இறுதியில் இரண்டு பெண் ஆய்வாளர்கள், பாதியில் நிறுத்தப்பட்ட வேலை மனத்தை என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். முடிக்காத வேலை அதிகம் நினைவில் நிற்கும் என்றார் ப்ளூமா சைகார்னிக். பிறகு வந்த சோதனைகள் எல்லாம் இதை உறுதிசெய்யவில்லை. மரியா ஓவ்சியான்கினா கண்டது உறுதியாக நின்றது: தடுக்கப்பட்ட வேலையை, யாரும் சொல்லாமலே, பலன் எதுவும் இல்லாமலே, வாய்ப்புக் கிடைத்ததும் மனிதர்கள் போய்த் திரும்பத் தொடுகிறார்கள். திறந்த கதவின் முன் துளசியின் திகைத்த முகத்தோடு பகுதி முடிந்தால், நாளை இரவு 10.30க்கு நம்மைக் கூட்டிவருவது அந்த உந்துதல்தான்.

இந்த இயந்திரம் இவ்வளவு வலுவாக மனத்தைப் பிடிக்கிறது என்றால், அதை வைத்து மக்களுக்கு நல்லது கற்பிக்கமுடியாதா? இந்தியாவின் முதல் தொடரே இந்தக் கேள்வியிலிருந்துதான் பிறந்தது. அதன் கதை பெரு நாட்டில் தொடங்குகிறது. 1969இல் அங்கே ‘சிம்ப்ளெமென்ட்டே மரியா’ என்று ஒரு தொடர் வந்தது. வீட்டு வேலைக்கு வந்த ஏழைப் பெண் தையல் கற்று முன்னேறும் கதை. பார்த்த பெண்கள் தையல் இயந்திரம் வாங்கினார்கள், எழுதப் படிக்கக் கற்கச் சேர்ந்தார்கள். மரியாவின் கல்யாணக் காட்சியை லிமா நகரத் தேவாலயத்தில் படம்பிடித்தபோது, ஏறத்தாழ பத்தாயிரம் பேர் நல்ல உடை உடுத்தி, சொந்த வீட்டுக் கல்யாணத்துக்கு வருவதுபோல் வந்து நின்றார்கள். எழுதியவர்கள் எதையும் கற்பிக்க நினைக்கவில்லை. மெக்சிகோவின் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் மிகெல் சபிதோ இதை ஆராய்ந்து, திட்டமிட்டே செய்யலாம் என்று முடிவுசெய்தார். நல்லவர் ஒருவர், கெட்டவர் ஒருவர், இருவருக்கும் நடுவே தடுமாறி மாறும் மூன்றாமவர். அந்த மூன்றாமவரோடுதான் பார்ப்பவர் தன்னைச் சேர்த்துக்கொள்வார். பிறரைப் பார்த்தே மனிதர்கள் நடத்தையைக் கற்கிறார்கள் என்று காட்டிய ஆல்பர்ட் பண்டூராவின் உளவியலை அவர் அடித்தளமாக வைத்துக்கொண்டார். 1970களில் எழுத்தறிவுக்கு ஒரு தொடர், குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஒரு தொடர் என்று செய்தார்.

தகவல் ஒலிபரப்புத் துறையை வகித்த வசந்த் சாத்தே மெக்சிகோ போய் இதைப் பார்த்துவந்ததன் விளைவு ‘ஹம் லோக்’. 1984 ஜூலை 7 முதல் 1985 டிசம்பர் 17 வரை தூர்தர்ஷனில் 156 பகுதிகள். எழுதியவர் இந்தி நாவலாசிரியர் மனோகர் ஷ்யாம் ஜோஷி, இயக்கியவர் பி. குமார் வாசுதேவ். நாடெங்கும் ஏறத்தாழ நாளுக்கு ஒன்றாக ஒளிபரப்பு நிலையங்கள் திறக்கப்பட்ட காலம் அது. குடிகாரத் தந்தை பஸேசர் ராம், எல்லாவற்றையும் பொறுத்துப்போகும் தாய் பாகவந்தி, வேலை தேடும் மகன் லல்லு, மூத்தவள் பட்கி, சினிமாக் கனவோடு பம்பாய்க்குப் போய்ச் சீரழியும் நடுவுள்ளவள் மஜ்லி. தொடக்கத்தில் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரம் தூக்கலாக இருந்தது, மக்களுக்குப் பிடிக்கவில்லை. பதின்மூன்று பகுதிகளுக்குப் பிறகு ஜோஷி அதைக் கரைத்துக் கதையைக் கதையாக நடக்கவிட்டார். பிறகுதான் நாடு அதன் பின்னால் வந்தது.

ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் முதிய நடிகர் அசோக் குமார் தோன்றுவார். அரை நிமிடம்போலத்தான். அன்று நடந்ததைச் சுருக்கி, இதில் யார் செய்தது சரி என்று பார்ப்பவரைப் பார்த்தே கேட்பார். சபிதோவின் தொடர்களில் இருந்த முறை அது; ஆனால் பாதி இந்தியாவுக்கு அண்ணனாகத் தெரிந்த ஒரு நடிகர் கேட்டதால் மக்கள் பதில் எழுதினார்கள். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள். பட்கியைக் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி, யாரைச் செய்துகொள்ளவேண்டும் என்றும் சொல்லி எழுதினார்கள். அவள் கல்யாணப் பகுதி ஒளிபரப்பான நாளில் வட இந்தியாவில் கடைவீதிகள் முன்னதாகவே அடைக்கப்பட்டன.

தொடர்பியல் அறிஞர்கள் அர்விந்த் சிங்கால், எவரெட் ரோஜர்ஸ் இருவரும் இந்தத் தொடரை விரிவாக ஆராய்ந்தார்கள். டெல்லிப் பகுதி, புனே, சென்னை ஆகிய இடங்களில் 1,170 பேரைப் பேட்டிகண்டார்கள். அங்கேதான் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. பாகவந்தி, சபிதோவின் கணக்குப்படி, ‘இப்படி இருக்காதே’ என்று காட்டுவதற்காக எழுதப்பட்டவள். கணவனின் குடியை, மாமியாரின் ஏச்சை வாய் திறக்காமல் தாங்குபவள். அவளைப் பார்த்த ஒரு பகுதியினர், பெண்களும் சேர்த்துத்தான், ‘மனைவி என்றால் இப்படி இருக்கவேண்டும்’ என்று அவளையே முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். எழுத்தாளர் எச்சரிக்கையாக வைத்ததை அவர்கள் வழிகாட்டியாக வாசித்தார்கள். அமெரிக்காவில் 1970களில் இனவெறி பிடித்த ஒரு தந்தையைக் கேலிசெய்ய எழுதிய தொடரிலும் இதேதான் நடந்தது. ஏற்கெனவே அந்த வெறி உள்ளவர்கள், அவர் நியாயத்தைப் பேசுகிறார் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆக, கற்பிக்கவேண்டும் என்று எழுதிய தொடர் கற்பித்தது ஒன்று, மக்கள் கற்றது இன்னொன்று. இப்போது எதிர்த்திசைக்கு வருவோம். ஏக்தா கபூர் தயாரித்த ‘க்யூங்கி’க்குப் போதிக்கும் நோக்கம் இருந்ததில்லை. அதன் எஜமான் வாரந்தோறும் வரும் டிஆர்பி என்ற பார்வையாளர் அளவீடு. உச்சத்தில் 20 புள்ளிகளைத் தாண்டிய தொடர் அது. பட்டுப் புடவை, பூஜை அறை, தாலி, தியாகம் என்று பழமையின் பக்கம் நின்ற கதை என்றுதான் விமர்சகர்கள் அதைச் சாடினார்கள். அந்தச் சாடல் பொய்யுமல்ல.

அதே காலத்தில், 2001 முதல் 2003 வரை, பொருளியலாளர்கள் ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் இருவரும் பீகார், கோவா, ஹரியானா, தமிழ்நாடு, டெல்லி ஆகிய இடங்களின் 180 கிராமங்களில் ஆண்டுதோறும் திரட்டப்பட்ட தரவுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் கேபிள் பெரும்பாலும் முன்பே வந்துவிட்டது. ‘சித்தி’ என்ற தமிழ்த் தொடர் ஓடி முடிந்துகொண்டிருந்த நேரம். வேறு பல கிராமங்களில் கேபிளே இல்லை. இந்த மூன்றாண்டுகளுக்குள் 21 கிராமங்களுக்குப் புதிதாகக் கேபிள் போனது. கேபிள்காரர் தன் வசதிக்கு இழுத்த கம்பி, ஆய்வாளர்களுக்கு ஒரு சோதனைச்சாலையை அமைத்துக்கொடுத்துவிட்டது. கேபிள் வருவதற்கு முன் அந்த ஊர்ப் பெண்கள் சொன்ன பதிலும், வந்த பின் சொன்ன பதிலும், வராத ஊர்ப் பெண்கள் சொன்ன பதிலும் கையில் இருந்தன.

கேள்விகள் நேரடியானவை. அனுமதி கேட்காமல் வெளியே போனால் கணவன் மனைவியை அடிக்கலாமா? சமையல் சரியில்லை என்றால்? பிள்ளைகளைக் கவனிக்கவில்லை என்றால்? அடுத்த குழந்தை ஆணாக வேண்டுமா, பெண்ணாக வேண்டுமா, எதுவானாலும் சரியா? கடைக்குப் போக யாரிடமாவது கேட்கவேண்டுமா? கேபிள் வந்த ஊர்களில் ஓரிரு ஆண்டுகளுக்குள் பதில்கள் நகர்ந்தன. அடிப்பதை ஏற்றுக்கொள்ளும் மனநிலை குறைந்தது. ஆண் குழந்தைதான் வேண்டும் என்பது குறைந்தது. பிள்ளைப்பேறும் குறைந்தது. சிறு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது கூடியதற்கும் அடையாளங்கள் தெரிந்தன. கிராமத்துக்கும் நகரத்துக்கும் இடையே இந்த மனப்போக்குகளில் இருந்த இடைவெளியில் 45 முதல் 70 சதவீதம்வரை சுருங்கியதாக அவர்கள் 2009இல் எழுதினார்கள். அடுத்த ஆண்டு கேபிள் வரப்போகிற ஊர்களில், வருவதற்கு முந்தைய ஆண்டில் இப்படி ஒரு நகர்வு இல்லை என்பதையும் சரிபார்த்தார்கள்.

இதில் கேள்வி கேட்க இடமுண்டு. பெண்ணின் தன்னுரிமையை அளக்கப் பல பதில்களைச் சேர்த்துக் கட்டிய குறியீடு சரிதானா என்று, அதே தரவுகளைத் திரும்ப ஆராய்ந்த வேறு அறிஞர்கள் வாதிட்டார்கள். அளக்கப்பட்டது கேபிளின் வருகைதான், எந்த ஒரு தொடரும் அல்ல. ஆனாலும் அந்த ஆண்டுகளில் இந்தி பேசும் வீடுகளில் கேபிள் என்றால், முன்னிரவு முழுக்க வீரானிகளும் அவர்களைப் போன்ற குடும்பங்களும்தான்.

பிரேசில் இதற்கு ஒத்து நிற்கிறது. 1960களில் அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு குழந்தைகள். 2000 வாக்கில் இரண்டரைக்கும் கீழே. அரசு அதற்காகப் பெரிய பிரசாரம் எதுவும் நடத்தவில்லை. எலியானா லா ஃபெராரா தலைமையிலான ஆய்வாளர்கள், 1965இல் தொடங்கிய குளோபோ தொலைக்காட்சியின் அலைவரிசை எந்த ஆண்டு எந்த ஊரை எட்டியது என்ற வரைபடத்தையும் பிறப்புக் கணக்கையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார்கள். அலை எட்டிய ஊர்களில் பிறப்பு குறைந்தது. குளோபோவின் 115 தொடர்களை எடுத்து எண்ணியபோது, ஐம்பது வயதுக்குட்பட்ட முக்கியப் பெண் பாத்திரங்களில் 72 சதவீதத்தினருக்குக் குழந்தையே இல்லை. 21 சதவீதத்தினருக்கு ஒன்றே ஒன்று. குடும்பக் கட்டுப்பாடு பற்றி யாரும் வசனம் பேசவில்லை. நிறையக் குழந்தைகளை வைத்துக்கொண்டு கதை எழுதுவது கடினம் என்பதாகக்கூட இருக்கலாம். அந்த ஊர்களில் குழந்தைகளுக்கு அந்தந்த ஆண்டுத் தொடர்ப் பாத்திரங்களின் பெயர்களை வைத்தார்கள் என்பதும் பதிவேடுகளில் தெரிந்தது.

‘ஹம் லோக்’கையும் இந்த இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று புலப்படுகிறது. தொடர் எதைப் பற்றிப் பேசுகிறதோ அதை நாம் வாதாடியே வாங்குகிறோம். பிடித்தால் ஏற்கிறோம், பிடிக்காவிட்டால் புரட்டிப்போடுகிறோம், பாகவந்திக்கு நடந்ததுபோல். தொடர் எதைப் பேசாமலே இயல்பாக வைத்திருக்கிறதோ, அது வாதமின்றி உள்ளே இறங்குகிறது. துளசி எவ்வளவு பழமையானவள் என்பதைப் பற்றி விமர்சகர்கள் எழுதிக்கொண்டிருந்தபோது, பீகார் கிராமத்துப் பெண் வேறெதையோ கவனித்திருக்கலாம். அந்த வீட்டில் பெண்கள் நாற்காலியில் ஆண்களுக்குச் சமமாக உட்கார்கிறார்கள். காரை எடுத்துக்கொண்டு வெளியே போகிறார்கள், யாரிடமும் கேட்பதில்லை. மருமகள் மாமனாரின் முகத்தைப் பார்த்து, எல்லாரும் இருக்கும் கூடத்தில், ஐந்து நிமிடம் பேசுகிறாள், யாரும் குறுக்கிடுவதில்லை. மனைவியைக் கை நீட்டி அடிப்பவன் அந்தக் கதையில் வில்லன். மகள் பிறந்தால் இனிப்பு கொடுக்கிறார்கள். இவை எதுவும் கதையில்லை, கதை நடப்பதற்கான தளவாடம். அந்தத் தளவாடம்தான் ஊருக்குள் போயிருக்கிறது.

நல்லது மட்டுமே போகிறது என்று நான் சொல்லமாட்டேன். வெளுத்த தோல், சமையலறைக்குக்கூட நகை, பணம் என்பது கேள்வியின்றி இருந்துகொண்டிருக்கும் ஒரு பொருள். இவையும் அதே வாசல் வழியாகத்தான் நுழைகின்றன. 2010களில் ‘சிந்து பைரவி’, ‘மண் வாசனை’, ‘என் கணவன் என் தோழன்’ என்று தமிழ் பேசிக்கொண்டு இந்தித் தொடர்கள் நம் வீடுகளுக்கும் வந்தன. குழந்தைத் திருமணத்தின் கொடுமையைச் சொல்ல எழுதப்பட்டது ‘மண் வாசனை’யின் மூலமான ‘பாலிகா வது’. அந்தக் கருத்தைத் தமிழ் வீடுகள் எவ்வளவு எடுத்துக்கொண்டன என்பது வேறு; மருதாணி இரவும் சங்கீத் ஆட்டமும் நம் கல்யாண மண்டபங்களில் இன்று சாதாரணமாகிவிட்டதில் இந்தி சினிமாவோடு இந்தத் தொடர்களுக்கும் பங்குண்டு என்றே நினைக்கிறேன்.

தளவாடத்தின் இந்த வலுவைச் சரியாக மோப்பம் பிடித்தவர்கள் ஆப்கானிஸ்தானில் இருந்தார்கள். காபூலின் டோலோ தொலைக்காட்சி ‘க்யூங்கி’யை தாரி மொழியில் ‘துளசி’ என்ற பெயரில் ஒளிபரப்பியது. சாமி சிலைகளையும், பெண்களின் தோளும் இடுப்பும் தெரியும் இடங்களையும் மங்கலாக்கிக் காட்டினார்கள். 2008இல் அரசு இந்தியத் தொடர்களை நிறுத்தச் சொல்லி ஆணையிட்டது. டோலோ பணிய மறுத்தது. சிலையை மறைக்கலாம், இடுப்பை மறைக்கலாம். ஒரு பெண் எழுந்து நின்று தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லி முடிக்கும்வரை வீடே கேட்டுக்கொண்டிருப்பதை எப்படி மங்கலாக்குவது?

2025 ஜூலை 29 அன்று ‘க்யூங்கி’ திரும்ப வந்தது. இடையில் மத்திய அமைச்சராகவும் இருந்துவிட்ட ஸ்மிருதி இரானி மறுபடியும் துளசியானார். அக்டோபரில் பில் கேட்ஸ் அதில் காணொளி அழைப்பில் தோன்றி, கர்ப்பிணிகள், பிறந்த குழந்தைகள் நலம் பற்றித் துளசியோடு பேசினார். போதிக்கும் நோக்கமே இல்லாமல் வளர்ந்த தொடருக்குள், ‘ஹம் லோக்’கின் பழைய ஆசை இப்போது நேர்வழியாகவே வந்து உட்கார்ந்திருக்கிறது. அது பலித்ததா என்று அளக்க இப்போது கேபிள் கம்பி உதவாது. கைப்பேசி எட்டாத கிராமத்தைத் தேடிப்பிடிப்பதே பாடு. நைஜீரியாவில் ஓர் இளைஞர் தொடரை ஆராய்ந்தவர்கள், சில பகுதிகளைச் சீட்டுக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து அங்கே மட்டும் திரையிட்டு, மற்ற இடங்களோடு ஒப்பிட்டார்கள். இங்கேயும் யாராவது அப்படிச் செய்வார்களானால், கேட்ஸ் சொன்ன அறிவுரை நினைவிருக்கிறதா என்பதோடு இன்னும் சில கேள்விகளையும் தாளில் சேர்க்கவேண்டும்: அந்தக் காட்சியில் கர்ப்பிணியின் அருகே யார் உட்கார்ந்திருந்தார், மருத்துவமனைக்குப் போவது என்று முடிவெடுத்தது யார், அவளுக்கு முதலில் சோறு போட்டார்களா, கடைசியிலா.